முதுசொமும் தேடிய தேட்டமும்
வம்சத் தேடல் பற்றிய இரு நூல்கள் குறித்து ஒரு நோக்கு

1

தன் முன்னோர் யாவர் என்ற வினா மனிதனுக்குப் புதியதன்று. ஆயின் அவ்வினாவுக்கு விடை கூறும் வாய்ப்பு எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் இருந்ததில்லை. மெய்க்கீர்த்திகளும் செப்பேடுகளும் அரசரின் கால்வழியைச் சூரியனிலும் சந்திரனிலும் தொடங்கி எழுதி வைத்தன. அவ்வரசரின் நிலத்தை உழுதவனுக்கோ பாட்டனுக்கு அப்பால் எழுத்திலே பதிந்த முன்னோர் இலர். வம்ச வரலாறு என்பது நெடுங்காலம் நிலமும் பட்டமும் உடையோரின் சொத்துரிமைப் பத்திரமாகவே இருந்து வந்துள்ளது. முன்னோரின் பெயரை அறிந்திருத்தல் அவர்தம் உடைமைக்கு உரிமை கோருவதன் முதற்படியாகும்.

இந்நிலை அண்மைக் காலத்திலே மேனாடுகளில் மாறத் தொடங்கியுள்ளது. சிறு குழாயொன்றிலே உமிழ்நீரைச் சேர்த்துத் தபாலில் அனுப்பினால், சில வாரங்களில் அனுப்பியவரின் மூதாதையர் எப்பிரதேசத்தவர், உயிரோடிருக்கும் உறவினர் யாவர் என்ற விபரங்களைக் கம்பனிகள் அனுப்பி வைக்கின்றன. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சிறு முயற்சியாக இருந்த இவ்வணிகம், 2007இல் 23அண்ட்மீ கம்பனியும் 2012இல் அன்செஸ்ட்ரி கம்பனியும் தத்தம் வீட்டுப் பரிசோதனைகளை விற்பனைக்கு விட்டதன் பின்னர் பெருந்தொழிலாயிற்று. அன்செஸ்ட்ரியிடம் மட்டும் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் தம் உமிழ்நீரை ஒப்படைத்துள்ளனர். அரசரின் உடைமையாயிருந்த கால்வழி எல்லாருக்கும் பொதுவாயிற்று என்று இதனைப் போற்றுவோர் உளர். பிறப்பின் பெருமையைப் புதிய உருவிலே மீட்டுத் தரும் பிற்போக்கு எனத் தூற்றுவோரும் உளர்.

இவ்விரு முடிவுகளுள் எதனையும் அவசரப்பட்டு ஏற்பதற்கு முன்னர், வம்சத் தேடல் இலக்கியமாகும்போது என்ன நிகழ்கின்றது என்று நோக்குதல் பயன் தரும். அதற்கு இரு நூல்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட 'வேர்கள்'. தமிழிலே 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரால் வாசகர் அறிந்தது இந்நூலே. மற்றையது, டானி ஷபிரோ 2019இல் வெளியிட்ட 'முதுசொம்' எனப் பெயர்க்கத்தக்க தலைப்புடைய தன்வரலாற்று நூல். முன்னது பரிசோதனைகள் தோன்றுவதற்கு முன் எழுந்தது. பின்னது அப்பரிசோதனையால் விளைந்தது. இரண்டும் அமெரிக்க நூல்கள். இரண்டும் தந்தையரைத் தேடுவன.

2

நூல்களை மதிப்பிடுவதற்கு முன், பரிசோதனை எதனைக் கூற வல்லது, எதனைக் கூற மாட்டாதது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் தம் டி.என்.ஏ.யிலே பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றார். எந்தப் பாதி வந்து சேரும் என்பது தற்செயலைப் பொறுத்தது. ஆகவே தாயோ தந்தையோ வேறான சகோதரர் சராசரியாக நான்கிலொரு பங்கையும், உடன்பிறந்தாரின் பிள்ளைகள் எட்டிலொரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பர். இவ்வளவு நெருங்கிய உறவை இனங்காண்பதில் இப்பரிசோதனை மிக நம்பத்தக்கது. ஒருவர் மற்றவரின் பிள்ளையா அல்லவா என்ற வினாவுக்கு அது ஐயத்துக்கு இடமின்றி விடை சொல்லும்.

ஆனால் விளம்பரங்கள் முன்னிறுத்துவது இதனையன்று. இத்தனை வீதம் இந்நாட்டவர், இத்தனை வீதம் அவ்வினத்தவர் என்ற பட்டியலையே அவை காட்டுகின்றன. இவ்வீதங்கள் இறந்துபோன முன்னோரின் உடலிலிருந்து பெறப்பட்டவையல்ல. இன்று வாழ்வோரிடமிருந்து கம்பனி திரட்டி வைத்துள்ள மாதிரித் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பெறும் மதிப்பீடுகளே அவை. தொகுதியை மாற்றினால் வீதமும் மாறும். அதே உமிழ்நீருக்கு ஓராண்டிலே ஒரு விடையும் மறு ஆண்டிலே வேறு விடையும் வருதல் இதனாலேதான். மேலும், பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் ஒருவருக்கு 1024 மூதாதையர் இருப்பர். அவர்களுள் கணிசமான பகுதியினரின் டி.என்.ஏ.யில் ஒரு துணுக்குத்தானும் இன்றுள்ளவரின் உடலிலே எஞ்சுவதில்லை. வம்சத்திலே முன்னோராக இருந்தும் உடலிலே சுவடின்றிப் போனவர் அவர்கள். இரத்தம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் என்ற பழைய நம்பிக்கையை விஞ்ஞானம் ஆதரிக்கவில்லை என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

3

ஹேலியின் நூலுக்கு அடிப்படையாக அமைந்தவை, ரெனசி மாநிலத்தின் ஹென்னிங் என்ற சிற்றூரிலே பாட்டி வாய்வழியாகச் சொன்ன கதைகள். ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மூதாதை ஒருவரின் பெயரும், ஆற்றையும் இசைக்கருவியையும் குறிக்கும் சில சொற்களுமே ஏழு தலைமுறையாக அக்குடும்பத்தில் எஞ்சியிருந்தன. அச்சொற்களைப் பற்றிக்கொண்டு ஹேலி காம்பியா நாட்டின் ஜுபூரே கிராமம் வரை சென்றார். அங்கே குலவரலாறு கூறும் முதியவர் ஒருவரின் வாயிலிருந்து குன்ற்றா கின்ற்றேயின் பெயரைக் கேட்டார். 1767இலே அனபொலிஸ் துறையை அடைந்த அடிமைக் கப்பலின் பதிவேட்டோடு அதனைப் பொருத்தினார். இதுவே அவர் கூறும் தேடலின் வரலாறு.

இத்தேடல் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ஏற்படுத்திய எழுச்சிக்குக் காரணம் யாது? அடிமைகளாக இருந்தோருக்கு வம்ச வரலாறு இல்லாதிருந்தமை இயற்கையன்று; அது ஒரு பொருளாதார அமைப்பின் விளைவு. 1850ஆம், 1860ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பீட்டிலே அடிமைகள் வயது, பால், நிறம் என்பவற்றால் மட்டும் குறிக்கப்பட்டனர், பெயர் எசமானுடையது. அடிமைத்தனம் ஒழிந்த பின் எடுக்கப்பட்ட 1870ஆம் ஆண்டு மதிப்பீட்டிலேயே அவர்களுட் பெரும்பாலானோர் முதன்முறையாகப் பெயரோடு பதியப்பட்டனர். அதற்கு முன் செல்ல முயலும் பேரப்பிள்ளை சுவரில் முட்டுவதைப் போல நின்றுவிட வேண்டியதுதான். ஹேலி அச்சுவரிலே ஒரு வாயிலைத் திறந்து காட்டினார். 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடர்ந்து தொலைக்காட்சியில் அக்கதையைக் கண்டவர்கள் கண்டது ஒரு குடும்பத்தையன்று. தமக்குக் கிடைக்காது போன குடும்பங்கள் அனைத்தையும் அதிலே கண்டனர்.

நூலின் குறைகளையும் மறைத்தல் தகாது. ஹரல்ட் கோர்லாண்டரின் 'ஆபிரிக்கன்' என்ற நாவலிலிருந்து பகுதிகள் எடுத்தாளப்பட்டமை வழக்குக்குச் சென்று, 1978இலே பணம் செலுத்தித் தீர்க்கப்பட்டது. 1981இலே வெளிவந்த ஆய்வுகள் மேலும் கடுமையானவை. ஜுபூரேயில் கதை சொன்னவர் முறைப்படி பயின்ற குலவரலாற்றுப் பாணர் அல்லர் என்றும், கேட்க வந்தவர் விரும்பிய கதையே அங்கு சொல்லப்பட்டது என்றும் டொனல்ட் ரைட் காட்டினார். ஹேலி தம் மூதாதையாகக் கொண்ட அடிமை, கப்பல் வருவதற்கு முன்பே வேர்ஜீனியா ஆவணங்களிலே காணப்படுகின்றான் என்பதை மில்ஸ் தம்பதியர் எடுத்துக்காட்டினர். பிற்காலத்திலே ஹேலியின் தந்தைவழி உறவினர் ஒருவர் செய்துகொண்ட பரிசோதனை, அவ்வழி ஆண்கொடி ஸ்கொட்லாந்துக்குச் செல்வதைக் காட்டியது. அடிமைச் சமுதாயத்திலே வெள்ளை எசமானர் விட்டுச் சென்ற தடயம் அது.

ஆகவே 'வேர்கள்' ஆவணம் என்ற வகையிலே தோல்வியுற்ற நூல். ஆயினும் அதன் இலக்கியப் பெறுமதி ஆவண உண்மையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் தந்தையைத் தேடிப் புறப்பட்ட நூல், ஒரு மக்கட் கூட்டம் தந்தையரை இழந்த முறையைச் சொல்லி முடிக்கின்றது. தனிமனிதத் தேடல் சமூக வரலாறாக விரிந்தமையே அதன் வெற்றி. ஆய்வாளர் பிழை கண்ட இடங்கள் பெரும்பாலும் 'இவரே அவர்' என்று ஹேலி உறுதி கூறிய இடங்கள். வாசகரை ஆட்கொண்ட இடங்களோ கப்பலும், ஏலமும், பெயர் பறிக்கப்படுதலும் ஆகும். பின்னவை எந்த ஆய்வாலும் மறுக்கப்படவில்லை.

ஹேலி திறந்த வாயிலிலேதான் பின்னர் டி.என்.ஏ. வணிகமும் நுழைந்தது. ஆபிரிக்க வம்சாவளியினருக்கெனவே 2003இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி தொடங்கப்பட்டது. தாய்வழியையோ தந்தைவழியையோ பற்றிச் சென்று இன்ன ஆபிரிக்கக் குழுவினர் என அது சான்று வழங்குகின்றது. அலொன்ட்ரா நெல்சன் 2016இல் வெளியிட்ட ஆய்வு நூலிலே, மக்கள் இச்சான்றுகளை வெறுமனே நம்புவோராக அன்றி, இழப்பீடு கோரவும் நினைவுகூரவும் உறவு புதுக்கவும் அவற்றைப் பயன்படுத்துவோராகக் காட்டுகின்றார். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றும் ஆயிரம் முன்னோருள் இருவரை மட்டுமே சுட்டும் என்பது உண்மை. ஆனால் எவரையும் அறியாதவருக்கு அவ்விருவர் அற்பமல்லர்.

4

ஷபிரோவின் நூல் இதற்கு நேர்மாறான சூழலிலே பிறந்தது. அவர் முன்னோரை இழந்தவர் அல்லர். முன்னோரால் நிரம்பிய வீட்டிலே வளர்ந்தவர். ஆசாரம் மிக்க யூதக் குடும்பம். தந்தைவழியிலே செல்வமும் சமயச் செல்வாக்கும் உடைய பாட்டனார். சுவரிலே அவர்களின் படங்கள். தம் முந்திய நூல்களிலும் ஷபிரோ இக்குடும்பத்தையே எழுதி வந்தார். 2016ஆம் ஆண்டில் கணவரின் ஆர்வத்துக்கு இணங்கி, பெரிதும் சிந்தியாமலே பரிசோதனை செய்துகொண்டார். தந்தையின் முதல் மணத்திலே பிறந்த சகோதரியின் முடிவோடு ஒப்பிட்டபோது இருவருக்கும் இரத்த உறவில்லை என்பது தெரிந்தது. தந்தை 1986இலேயே இறந்துவிட்டார், தாயும் இல்லை. ஏறத்தாழ முப்பத்தாறு மணித்தியாலங்களில் ஷபிரோவும் கணவரும் அறியாத உறவினர் ஒருவரின் பெயரைப் பற்றிச் சென்று, பிலடெல்பியாவிலே மருத்துவ மாணவராக இருந்தபோது விந்துக்கொடை செய்த மருத்துவரை அடையாளங் கண்டுவிட்டனர். கணினித் திரையிலே அம்முதியவர் விரிவுரையாற்றும் காட்சியைக் கண்டபோது, தம் முகத்தையும் கையசைவையும் ஷபிரோ கண்டார்.

இந்நூலின் முதற் சிறப்பு, உண்மை தெரிந்தவுடன் கதை முடிந்துவிடாமை ஆகும். துப்பறியும் பகுதி விரைவிலே தீர்ந்துவிடுகின்றது. எஞ்சும் பக்கங்களெல்லாம் விடை தெரிந்த பின்னர் எழும் வினாக்களுக்கே ஒதுக்கப்படுகின்றன. பெற்றோருக்கு இது தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தும் மறைத்தனரா? அன்றி, தாமே தம்மிடமிருந்து மறைத்துக்கொண்டனரா? பிலடெல்பியாவின் அந்நிலையத்திலே கணவனின் விந்தையும் கொடையாளரின் விந்தையும் கலந்து பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. குழந்தை தம்முடையதாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தைக் கணவனுக்கு விட்டுவைப்பதே அதன் பயன். அறியாமையையே மருந்தாகக் கொடுத்த மருத்துவம் அது. இவ்வினாக்களுக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை என்பதை ஷபிரோ மழுப்பாமற் கூறுகின்றார். உமிழ்நீர் தந்தை யார் என்று சொல்லும். தந்தை என்ன நினைத்தார் என்று சொல்லாது. இவ்வெல்லையை வாசகர் உணரும்படி செய்தமை நூலின் சாதனை எனலாம்.

இரண்டாவது சிறப்பு, மறைக்கப்பட்டவரின் உரிமையை அது முன்வைப்பதாகும். விந்துக்கொடை பற்றிய பழைய ஒப்பந்தத்திலே மருத்துவரும் கொடையாளரும் கணவனும் மனைவியும் தத்தம் நலனுக்கேற்ப இரகசியங் காக்க உடன்பட்டனர். ஐந்தாமவரான பிள்ளையிடம் எவரும் கேட்கவில்லை. சுவீடன் 1985 முதலும் பிரித்தானியா 2005 முதலும் கொடையாளரை அறியும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்கின. ஐக்கிய அமெரிக்காவிலே நாடு முழுவதற்குமான அத்தகைய சட்டம் இல்லை. சட்டம் செய்யாததைச் சந்தையிலே வாங்கிய குழாய் ஒன்று செய்துவிட்டது. ஷபிரோவின் தனி அனுபவம் இவ்வாறு பொதுப் பிரச்சினை ஒன்றைத் தொடுகின்றது.

தொடுகின்றதே தவிர, அதனுள்ளே செல்கின்றதா என்பது வேறு வினா. இங்கேதான் நூலின் குறைபாடு தொடங்குகின்றது. சிறுபிராயத்திலே இரவில் எழுந்து கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து நிற்கும் வழக்கத்தோடு நூலைத் தொடங்கும் ஷபிரோ, வாழ்நாள் முழுவதும் தாம் உணர்ந்த அந்நியத்தன்மைக்குப் பரிசோதனை முடிவையே காரணமாகக் கொள்கின்றார். பொன்னிறத் தலைமயிர், யூதர் போலத் தோன்றவில்லை என்று மற்றையோர் கூறியவை, குடும்பத்தோடு முற்றும் ஒட்டாமை ஆகிய யாவும் பின்னோக்கிப் பார்க்கும்போது ஒரே திசையைச் சுட்டும் அறிகுறிகளாகின்றன. ஆனால் பெற்றோரின் சொந்தப் பிள்ளைகளாயிருந்தும் வீட்டிலே அந்நியராய் வளர்ந்தோர் எத்தனை பேர்! கலைஞராகப் போகின்றவர் குடும்பத்திலே தனித்து நிற்பது இலக்கிய வரலாற்றிலே அருமையான செய்தியன்று. அந்நியத்தன்மைக்கு வர்க்கத்திலும் சமயக் கட்டுப்பாட்டிலும் பெற்றோரின் இணக்கமற்ற மணவாழ்விலும் காரணம் தேடியிருக்கலாம். அவற்றுக்கான சான்றுகள் நூலிலேயே உள. எனினும் முடிவு முன்னரே கையில் இருப்பதனால் அவை பின்தள்ளப்படுகின்றன.

இதிலே குறிப்பிடத்தக்க முரண் ஒன்றுண்டு. இந்நூலிலே ஷபிரோவின் அன்பையெல்லாம் பெறுபவர் வளர்த்த தந்தையே. அவரோடு இரத்த உறவில்லை. இரத்த உறவு எள்ளளவும் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டவர் தாய். அவரோ நூல் முழுவதும் குறைந்த பரிவையும் மிகுந்த சந்தேகத்தையும் பெறுகின்றார். இரகசியத்தின் பழியும் பெரிதும் தாய்மீதே விழுகின்றது. பிள்ளைப்பேறின்மை பெண்ணின் குறையாகக் கருதப்பட்ட காலத்திலே, கணவனின் மானத்தையும் காத்துத் தன் தாய்மையையும் பெற வேண்டியிருந்த பெண்ணின் நெருக்கடி போதிய அளவு ஆராயப்படவில்லை. எவ்வாறாயினும், அன்பு இரத்தத்தைப் பின்பற்றிச் செல்வதில்லை என்பதற்கு இந்நூலைவிட வலிய சான்று வேண்டியதில்லை. ஷபிரோவின் விளக்கம் ஒன்று கூற, அவரது நூல் வேறொன்று கூறுகின்றது. விளக்கத்தைவிட நூல் பெரிது.

நூலின் உயர்ந்த பகுதி என்று கொள்ளத்தக்கது, தொண்ணூறு வயதைக் கடந்த தந்தையின் சகோதரியை ஷபிரோ சந்திக்கச் செல்லும் பகுதியாகும். ஆசாரம் தவறாத அம்மூதாட்டி உண்மையைக் கேட்டபின் மருமகளைக் கைவிடவில்லை. முன்னிலும் உறுதியாகத் தன்னவள் என்று ஏற்றுக்கொள்கின்றார். பரிசோதனை அறுத்துவிட்டதாகத் தோன்றிய உறவு, ஒருவரின் தீர்மானத்தாலே மீண்டும் நிலைபெறுகின்றது. உறவு என்பது கண்டுபிடிக்கப்படுவது மட்டுமன்று, செய்யப்படுவதுமாகும் என்ற உண்மை இங்கே வெளிப்படுகின்றது.

5

இவ்வுண்மை நமது மரபுக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தினை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்தது. பெற்றோர் வழி வருவது முதல் வகை. மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கப்படுவது இரண்டாவது. கணவனும் மனைவியும் வாழும் காலத்திலே ஈட்டுவது மூன்றாவது. அதே தொகுப்பு, பிள்ளையில்லாதோர் மஞ்சள் நீர் பருகிப் பிறர் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கும் வழக்கத்தையும் குறிப்பிடுகின்றது. அவ்வாறு எடுக்கப்பட்ட பிள்ளை வளர்ப்போரின் முதுசொத்துக்கு உரித்தாளியாகின்றது. பெற்றோரின் சொத்தின் மேலுள்ள உரிமையை இழக்கின்றது. மஞ்சள் நீர் ஒரு வாய் பருகுவதால் மகவாக்கிய சமுதாயமே, உமிழ்நீர் ஒரு துளியால் மகவல்லள் என்று ஆகிவிடுமோ என அஞ்சும் காலத்தோடு ஒப்பிடத்தக்கது. சாதியையும் சொத்தையும் கட்டிக்காத்த சட்டம் அது. அதனை இலட்சியமாகக் கொள்ள வேண்டியதில்லை. சுவீகாரத்துக்கு உரித்தாளிகளின் சம்மதம் வேண்டப்பட்டமையும் சொத்தின் பொருட்டே. ஆயினும் பிள்ளைமை சமூகத்தின் முன்னிலையிலே ஆக்கப்படக்கூடியது என்பதை அச்சட்டமும் அறிந்திருந்தது.

இவ்வகையிலே பார்த்தால், ஷபிரோ தம் நூலுக்கு இட்ட தலைப்பு நூலின் உட்பொருளோடு முற்றும் பொருந்தவில்லை. மருத்துவரிடமிருந்து அவர் பெற்றது முதுசொம். முகமும் நிறமும் நோய்க்கான சாத்தியமும் அதிலே அடங்கும். வளர்த்த தந்தையிடமிருந்து பெற்றதோ இருவரும் சேர்ந்து ஈட்டிய தேட்டம். மொழியும் வழிபாடும் துயரமும் நினைவும் அதிலே அடங்கும். ஹேலியின் நூலும் அவ்வாறே. ஜுபூரேயிலே அவர் பெற்றதாக எண்ணிய முதுசொம் ஆய்விலே கரைந்துபோயிற்று. பாட்டி சொல்லிக் கொடுத்த சொற்களைக் கொண்டு அவர் ஈட்டிய தேட்டம் நிலைத்துவிட்டது.

6

இதனைக் கொண்டு, இரத்த உறவைத் தேடுவதே வீண் என்று முடிவு செய்தல் பெருந்தவறாகும். அத்தவறு எத்தகையது என்பதை உணர்வதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். முறைகேடுகள் வெளிவந்தமையால் 1987இலே இலங்கை இதனை இடைநிறுத்தியது. நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் 'செம்ப்ளா' நிகழ்ச்சி 2017இலே ஒளிபரப்பிய விவரணம், பல குழந்தைகளின் பத்திரங்கள் பொய்யானவை என்பதையும், குழந்தையைக் கையளிக்கும்போது தாயாக நடிப்பதற்குப் பெண்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர் என்பதையும் வெளிக்கொணர்ந்தது. அப்போதைய இலங்கைச் சுகாதார அமைச்சர் டி.என்.ஏ. வங்கி ஒன்றை அமைப்பதாக அந்நிகழ்ச்சியிலே வாக்களித்தார். சுவிஸ் அரசு 2020இலே தன் அதிகாரிகளின் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021இலே, விசாரணைக் குழுவின் அறிக்கையை அடுத்து, வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது.

இக்குழந்தைகள் இன்று நடுவயதினர். பத்திரத்திலே உள்ள பெயரைக் கொண்டு இலங்கைக்கு வந்து, தாயெனக் கருதியவரைக் கட்டியழுது திரும்பியபின், பரிசோதனையிலே அவர் தாயல்லர் என்று அறிந்தோர் அவர்களுள் உளர். பத்திரம் பொய் சொல்லும்போது உடல் ஒன்றே சாட்சியாகின்றது. இங்கே பரிசோதனை பிறப்பின் பெருமைக்கானதன்று. நிகழ்ந்த குற்றத்துக்கான தடயம் ஆகின்றது. உறவு செய்யப்படுவது என்ற கொள்கையை இவர்களிடம் ஆறுதலாகக் கூறுவது அநீதி. பெற்றவளின் அறிவார்ந்த சம்மதமின்றிச் செய்யப்பட்ட உறவு அது. மஞ்சள் நீர் பருகியபோது கூடிநின்ற ஊர் அங்கே இருக்கவில்லை.

சந்தையின் சமனின்மையும் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. கம்பனிகளின் தரவுத் தொகுதிகளிலே பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சத்தினர். ஷபிரோவுக்கு முப்பத்தாறு மணித்தியாலங்களில் விடை கிடைத்தமைக்கு அவருடைய உறவினர் ஏற்கெனவே அத்தொகுதியிலே இருந்தமையே காரணம். இலங்கைக் கிராமமொன்றிலே கூலிவேலை செய்யும் தாய் அத்தொகுதியிலே இல்லை. அவளைத் தேடுவோர் தன்னார்வக் குழுக்களின் உதவியோடு ஊரூராகச் சென்று மாதிரி சேகரிக்க வேண்டியுள்ளது. எல்லாருக்கும் பொதுவாயிற்று எனப்பட்ட கால்வழி, உண்மையிலே விலை கொடுக்க வல்லோருக்கே விரைந்து திறக்கின்றது. செப்பேட்டின் காலம் முற்றாகக் கழிந்துவிடவில்லை.

உமிழ்நீரை ஒப்படைத்தவரின் தரவுக்கு யார் உடைமையாளர் என்ற வினாவும் இதனோடு சேர்ந்ததே. 23அண்ட்மீ கம்பனியிலே 2023இல் நிகழ்ந்த தரவுத் திருட்டு ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்களைப் பாதித்தது. 2025 மார்ச்சிலே அக்கம்பனி முறிவு மனுத் தாக்கல் செய்தபோது, வாடிக்கையாளரின் பரம்பரையலகுத் தரவே அதன் விற்கத்தக்க முதன்மைச் சொத்தாக நின்றது. முன்னோரைத் தேடியவர் தம் முதுசொத்தையே பிறர் ஏலங் கூறக் கண்டனர். ஒருவர் அனுப்பும் உமிழ்நீர், அனுப்பச் சம்மதியாத சகோதரரையும் பிள்ளைகளையும் சேர்த்தே காட்டிக் கொடுக்கும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

வீதப் பட்டியலை இன அடையாளமாகக் கொள்வதன் பேதைமையைக் கிம் ரோல்பெயர் 2013இலே தம் நூலில் விளக்கினார். அமெரிக்க ஆதிக்குடிகளிடையே ஒருவரை உறுப்பினராக்குவது அக்குடியின் சட்டமும் உறவுமே, ஆய்வுகூடம் அன்று. 2018இலே எலிசபெத் வொரன் என்ற அரசியல்வாதி தமக்கு ஆதிக்குடி முன்னோர் இருந்தமைக்குப் பரிசோதனைச் சான்று காட்டியபோது செரோக்கிக் குடியினர் கண்டித்தமையும், பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டமையும் இதனை உறுதிப்படுத்துகின்றன. இனத்தின் தொன்மையையும் தூய்மையையும் கூறி மனிதரைப் பிரித்த கதைகளை நன்கறிந்த நாட்டிலே இவ்விடயம் கூடிய கவனத்துக்குரியது.

7

வம்சத் தேடல் இலக்கியத்தை மதிப்பிடுவதற்கான அளவுகோல் ஒன்று இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படுகின்றது. தேடியவர் யாரைக் கண்டுபிடித்தார் என்பதைக் கொண்டு அத்தகைய நூலை மதிப்பிடுதல் போதாது. அவர் ஏன் தேட வேண்டியதாயிற்று என்பதை நூல் எவ்வளவு தூரம் சொல்கின்றது என்றே கேட்டல் வேண்டும். தந்தை மறைக்கப்பட்டமைக்கும் தாய் தொலைந்தமைக்கும் பெயர் அழிக்கப்பட்டமைக்கும் காரணமான மனிதரும் நிறுவனங்களும் சட்டங்களும் அந்நூலிலே காணப்பட வேண்டும். இவ்வளவுகோலின்படி, தகவலிலே பல இடங்களில் தவறிய ஹேலியின் நூல் பெரிது. தகவலிலே தவறாத ஷபிரோவின் நூல் நேர்மையானது, ஆயினும் சிறிது. ஷபிரோவிடம் விடை இருந்தது. அவ்விடையை மறைத்து வைத்த காலத்தின் முழு உருவம் அவரது நூலிலே தெரியவில்லை.

தத்துக் கொடுக்கப்பட்ட இலங்கைக் குழந்தைகளின் வரலாற்றை மேனாட்டு விவரணப் படங்களும் விசாரணை அறிக்கைகளுமே பெரிதும் சொல்லி வந்துள்ளன. அவை பிள்ளையின் பக்கமிருந்து எழுந்தவை. பிள்ளையைக் கொடுத்த, அல்லது பறிகொடுத்த பெண்ணின் பக்கமிருந்து அக்கதை சொல்லப்படுமானால், ஹேலியின் விரிவும் ஷபிரோவின் நேர்மையும் ஒருங்கே அமைந்த நூலொன்று தோன்றக்கூடும். வறுமையும் அவமானமும் தரகரின் பணமும் சேர்ந்து ஒரு தாயின் பெயரைப் பத்திரத்திலிருந்து எவ்வாறு நீக்கின என்பதை அது கூற வேண்டும். அப்பெயரை எந்தக் கம்பனியின் பட்டியலும் தாமாகத் தந்துவிடப்போவதில்லை. இந்நாட்டு மொழிகளில் எழுதுவோர் தேடிப் பெற வேண்டிய தேட்டம் அது.